சிறிய பணப்பையும் பெரிய அங்காடியும்

ஒரு நகரத்தின் செல்வத்தை அறிய விரும்புவோர் அதன் அரண்மனையைக் காண்பதினும் அதன் கடைத்தெருவைக் காண்பது நன்று. இதனைப் பழந்தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். புகார் நகரின் சிறப்பைக் கூறவந்த சிலப்பதிகாரம் அதன் வணிக வீதிகளை விரித்துரைக்கின்றது. மதுரைக்காஞ்சியோ பகலில் நடக்கும் நாளங்காடியையும் இரவில் நடக்கும் அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுகின்றது. அங்காடிக்குச் செல்வோர் அனைவரும் வாங்குவோர் அல்லர். பொருள் மிகுந்தவனுக்கு அது வாங்கும் இடம். பொருள் குறைந்தவனுக்கோ கண்டு கற்கும் இடமுமாகும்.

மன்னார் மாவட்டத்தில், மாந்தை மேற்குப் பிரிவில் அமைந்த ஊர் பெரியமடு. அப்பிரிவின் பெயரில் இன்றும் வாழ்கின்ற மாந்தை, மாதோட்டம் என்று புகழ்பெற்ற பழந்துறைமுகமாகும். 1980ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் சீனத்துப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கலங்களின் துண்டுகளும் கிடைத்தன. கிழக்குக் கடலின் சரக்கும் மேற்குக் கடலின் சரக்கும் அக்கரையில் கைமாறிய காலம் ஒன்று இருந்தது. ஒருகாலத்தில் உலகத்துப் பொருள்கள் தேடிவந்த கரையின் மக்கள், இன்று அப்பொருள்களைத் தேடிக் கொழும்புக்குச் செல்கின்றனர்.

பெரியமடுவிலிருந்து அவ்வாறு புறப்படும் ஒருவரை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். அறுவடை முடிந்தது, நெல் விற்ற பணத்தில் கடன் போக எஞ்சியது கொஞ்சம். வீட்டிலே ஒரு திருமணம் வரவிருக்கின்றது. மணப்பெண்ணுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு உடுப்பு, அடுக்களைக்குச் சில பாத்திரங்கள் ஆகியனவே அவருக்கு வேண்டியவை. விடுதியில் தங்கும் செலவைத் தவிர்க்க, மன்னாரில் இரவுப் பேருந்து ஏறி, மறுநாள் இரவே திரும்புவது அவர் திட்டம்.

கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. வழியிலே புத்தளம் வரும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மன்னார்ப் பகுதியினர் பலர் அடைக்கலம் புகுந்த ஊர் அது. இருந்ததையெல்லாம் விட்டுச் சென்று, பின்னர் ஊர் திரும்பி மீண்டும் வீடு கட்டிய குடும்பங்களுக்கு, ஒரு பானையும் ஒரு பாயும் வெறும் சாமான்கள் அல்ல. இழந்த வாழ்வின் ஒவ்வொரு துண்டையும் அவர்கள் விலை கொடுத்தே மீட்கின்றனர். ஆதலின் அவர்தம் கையிலுள்ள ஒவ்வொரு ரூபாவும் எண்ணப்பட்ட ரூபாவாகும்.

விடியற்காலையில் புறக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்குபவருக்குக் கடைகள் திறக்கும்வரை பொழுது உண்டு. அப்பொழுதைக் கோட்டைப் பகுதியில் நடந்தே கழிக்கலாம். 1844இல் தொடங்கப்பெற்ற காகில்ஸ் நிறுவனத்துக்காக 1906இல் எழுப்பப்பட்ட செங்கல் நிறக் கட்டடம் யோர்க் வீதியில் நிற்கின்றது. பொருளுக்குப் பேரம் பேசாமல் குறித்த விலை கொடுத்து வாங்கும் ஐரோப்பிய வழக்கத்தை இலங்கையர் கண்டு பழகியது இத்தகைய மாளிகைகளிலேதான். சற்றுத் தொலைவில் ஒல்லாந்தர் காலத்து மருத்துவமனை இருக்கின்றது. தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரையும் கொண்ட அக்கட்டடம் 2011இல் கடைகளும் உணவகங்களும் உடைய இடமாக மாற்றப்பட்டது. அதன் முற்றத்தில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை.

அங்கிருந்து காலி முகத்திடலுக்குச் சிறு நடை. கடலை நோக்கி நிற்கும் 'வன் கோல் பேஸ்' என்னும் பெருங் கடைத்தொகுதி 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. இங்கேதான் சிறிய பணப்பைக்காரர் பலர் தயங்கி நிற்பர். தாமாகவே திறக்கும் கண்ணாடிக் கதவு எவரையும் தடுப்பதில்லை. தடுப்பது உள்ளத்தின் கூச்சமே. தூசி படிந்த செருப்பை ஒருமுறை நோக்கிவிட்டுத் திரும்பிச் செல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பார்ப்பதற்கு அங்கே விலை குறிக்கப்படவில்லை.

உள்ளே சென்றவர் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. அது விலை படித்தல். ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டுத் தொங்குகின்றது. சேலையைத் தொட்டு அதன் இழையை அறியலாம். பாத்திரத்தைக் கையிலேந்தி அதன் கனத்தை அறியலாம். தையலின் நேர்த்தியை உட்புறம் திருப்பிப் பார்க்கலாம். நல்ல பொருள் எப்படி இருக்கும், அதன் உச்ச விலை என்ன என்னும் இரண்டையும் கற்றுக்கொண்டவனைப் பின்னர் எந்தக் கடையிலும் எளிதில் ஏமாற்ற இயலாது. குளிரூட்டிய காற்றும், நகரும் படிக்கட்டும், அமர்ந்து இளைப்பாற இருக்கையும், தூய கழிப்பறையும் மிகையாகக் கிடைக்கும் வசதிகள். உணவுக்கூடத்தை மட்டும் பார்வையோடு நிறுத்திக்கொள்வது பணப்பைக்கு நல்லது.

இன்னொரு தொகுதியையும் காண விரும்புவோர் காலி வீதியிலே 100ஆம் அல்லது 101ஆம் இலக்கப் பேருந்தில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்கலாம். அங்குள்ள மெஜஸ்டிக் சிற்றி 1991இல் திறக்கப்பட்டது. புதிய தொகுதியின் பகட்டு அதற்கில்லை. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் அச்சமின்றி நுழையும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அதே இலக்கப் பேருந்துகளே பயணியை மீண்டும் புறக்கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சாமான் வாங்குவதை மாலைக்கு ஒதுக்கியதன் பயன் இப்போது விளங்கும். சுமையைத் தூக்கிக்கொண்டு நகரெங்கும் அலைய வேண்டியதில்லை. ஊர் திரும்பும் பேருந்தும் அருகிலேயே நிற்கின்றது.

புறக்கோட்டை என்பது கோட்டைக்குப் புறத்தேயுள்ள இடம் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் வழங்கும் 'பெட்டா' என்ற பெயரோ நம் 'பேட்டை' என்னும் சொல்லின் திரிபேயாகும். இங்கே கூரை வானம், காற்று கடற்காற்று. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரப் பொருள்கள். இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்களில் புடைவைகள். நான்காம் குறுக்குத் தெருவில் மிளகாயும் வெங்காயமும் பருப்பும் மூட்டை மூட்டையாக. செட்டியார் தெருவில் பொன். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாய் எழுந்து நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. வழி தவறியோருக்கு அதுவே அடையாளம். மூட்டைகளை ஏற்றிய கைவண்டிகளை இழுத்துக்கொண்டு 'வழி, வழி' என்று கூவிச் செல்லும் நாட்டாமைகளுக்கு ஒதுங்கி நிற்பது இத்தெருக்களின் முதல் ஒழுக்கம்.

இங்கே விலைச்சீட்டு அரிது. விலை வாயிலே பிறக்கின்றது. காலையில் கற்ற பாடம் மாலையில் கைகொடுப்பது இப்போதுதான். கடைத்தொகுதியில் கண்ட விலை பயணியின் மனத்திலே ஓர் அளவுகோலாக நிற்கின்றது. கடைக்காரர் ஒரு விலை சொல்ல, வாங்குபவர் ஒரு விலை சொல்ல, இருவரும் நடுவழியில் சந்திக்கின்றனர். 'எந்த ஊர்?' என்ற கேள்வி எழும். 'மன்னார்ப் பக்கம்' என்ற விடை வரும். சில வேளை அந்த விடையே ஐம்பது ரூபாவைக் குறைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா நாள்களிலும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதையும், வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் சாத்தப்படும் என்பதையும் தூரத்திலிருந்து வருவோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

எனினும் பேரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. அன்று கண்ணாடி மாளிகையின் விலைச்சீட்டும் நடைபாதை வியாபாரியின் வாய்விலையும் ஒருங்கே உயர்ந்தன. அவ்வாண்டு காலி முகத்திடலில் திரண்ட மக்கள் வாழ்க்கைச் செலவின் சுமையைக் கூவிச் சொன்ன இடம், அப்பெரிய தொகுதிக்கு நேர் எதிரேயாகும். கடல் கடந்து வரும் சரக்கை நம்பி வாழும் நாட்டிலே, நாணயம் மெலிந்தால் முதலில் மெலிவது ஏழையின் கூடை என்பதற்கு அவ்விரண்டு காட்சிகளும் ஒரே வீதியில் நின்று சான்று பகர்ந்தன.

அங்காடிகளுள் எது சிறந்தது என்ற வினாவுக்கு அதன் கூரையைக் கொண்டு விடை கூறுதல் பொருந்தாது. குறித்த விலை நேர்மையைக் கற்பிக்கின்றது. பேரம் பேசும் தெரு, வாங்குபவனும் ஒரு மனிதன் என்பதை நினைவூட்டுகின்றது. முன்னது இன்றேல் பின்னதில் ஏமாறுதல் எளிது. பின்னது இன்றேல் முன்னதைக் கண்டு ஏங்குதலே மிஞ்சும். இரண்டுக்கும் வாயில் திறந்திருக்கும் நகரத்தில்தான் சிறிய பணப்பைக்கும் மதிப்பு உண்டு. அந்த மதிப்பைப் பெற்றவருக்கு, இரவுப் பேருந்தின் மேற்தட்டில் வைத்த சேலைப் பொதியின் கனம் சற்றும் தெரியாது.