ஒளிப்படமும் ஒரு சுவடியே

 

சமணம் போற்றும் தானங்கள் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், நூல். இவற்றுள் நூற்கொடையாகிய சாத்திர தானத்தைத் தமிழ்ச் சமணர் எவ்வாறு பேணினர் என்பதற்குத் தமிழ் இலக்கிய வரலாறே சான்று. உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்து உதவினர். ஏட்டைப் படியெடுத்துப் பிறருக்கு அளிப்பதே அதைக் காக்கும் வழி என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

அந்த அறம் இன்று வேறொரு பொருளுக்கும் உரியதாகிறது. அது நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய ஒளிப்படம்.

கொங்கு நாட்டில் சமணத்தின் சுவடுகள் பல. பெருங்கதை தந்த கொங்குவேளிரின் ஊராக மரபு போற்றும் விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூலார் பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது வழிவழிச் செய்தி. ஆயினும் இவ்வூர்களில் விளக்கேற்றி வழிபட்டு வாழ்ந்த பழங்குடும்பங்கள் அருகிவிட்டன. கல்லும் கோபுரமும் எஞ்சியுள்ளன. அங்கு வாழ்ந்தோரின் முகங்கள் எஞ்சவில்லை. தொழில் நாடித் திருப்பூரை அடைந்த குடும்பங்களின் சொந்த ஊர் வீடுகளுக்கும் அந்நிலை நேரலாம். பூட்டிய வீட்டின் பரணில் கரையானுக்கு இரையாவது வெறும் காகிதமன்று. பஞ்ச கல்யாண விழாவில் தாத்தா தேரை வடம் பிடித்த நாளும் அதனுடன் அழிகிறது.

திருப்பூரின் வரலாறும் இவ்வாறே சிதறிக் கிடக்கிறது. கதர் இயக்கத்தின் மையமாய் விளங்கி, 1932 சனவரியில் கொடிகாத்த குமரனை இழந்த ஊர் இது. 1920களில் கையால் சுழற்றும் பின்னல் எந்திரங்களோடு தொடங்கிய பனியன் தொழில், 1970களின் பிற்பகுதியில் ஏற்றுமதியில் கால் பதித்து உலகச் சந்தைக்கு உரியதாயிற்று. பழைய பட்டறையின் முன் தொழிலாளர் வரிசையாய் நிற்கும் ஒரு படம், அக்கால எந்திரம், உடை, கட்டடம், வயது குறைந்த உழைப்பாளி என எத்தனையோ செய்திகளை ஒருங்கே சொல்லும்.

ஒளிப்படம் அழகுப் பொருள் மட்டுமன்று. அது சாட்சியும் ஆகும். 1955இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மறு ஆண்டு முதலே தென்னகக் கோயில்களைப் படம்பிடித்துத் தொகுத்து வந்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் திருமேனி ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தை அடைந்தபோது, அது எந்தக் கோயிலுக்கு உரியது என்பதை நிறுவ அந்நிறுவனத்தின் படங்கள் துணைநின்றன. 2014இல் திருமேனி இந்தியா திரும்பியது. நம் ஜினாலயங்களின் உலோகத் திருமேனிகளுக்கு அத்தகைய சாட்சி உண்டா என்று ஒவ்வோர் ஊராரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களையும் மின்படிகளாக்கியது. ஈழத்தில் 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம், ஒரே இடத்தில் ஒரே படி இருப்பதன் ஆபத்தை நன்கறியும்.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை எளியவை. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை வலிந்து பிய்த்தல் கூடாது. பக்கத்தோடு சேர்த்தே படியெடுக்கலாம். ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தல் நன்று. வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும் படம் காப்புப்படி ஆகாது. மின்படிகள் மூன்றேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். மூலப்படம் உரியவர் கையிலேயே இருக்கட்டும்.

இவற்றினும் முதன்மையானது பெயர். படத்தில் இருப்போர் யாவர், எந்த ஊர், எந்த விழா, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றை மென்மையான பென்சிலால் பின்புறம் குறித்தல் வேண்டும். பெயரறியாத படம் அடுத்த தலைமுறைக்கு அயலார் படமே. எண்பது வயதுப் பாட்டியின் நினைவே இன்றுள்ள ஒரே அட்டவணை; அதற்குக் காப்புப்படி இல்லை.

எல்லாவற்றையும் பொதுவெளியில் ஏற்ற வேண்டுவதில்லை. வீட்டுப் பெண்டிரின் படங்களை அவர்களோ குடும்பத்தாரோ இசைந்தால் மட்டுமே வெளியிடலாம். திருமேனிகளின் படங்களை அளவுக் குறிப்புகளோடு அறக்கட்டளையின் தனித் தொகுப்பில் காத்தல் நலம். அவை இருக்கும் அறையையும் பூட்டையும் உலகுக்குக் காட்ட வேண்டா. பிறர்க்குத் தீங்கு நேராமல் காப்பதும் அகிம்சையே.

சுருத பஞ்சமியன்று நூல்களை எடுத்துத் துடைத்து வழிபடும் குடும்பங்கள், அன்றே பெட்டியிலுள்ள படங்களையும் வெளியே எடுக்கட்டும். பெரியவர் பெயர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். ஓராண்டில் ஒரு குடும்பம் பத்துப் படங்களுக்குப் பெயர் எழுதினாலும் அது சாத்திர தானமே ஆகும்.