தென்புலத்தார்



நம் குடும்பத்தில் வாழ்ந்து மறைந்தவர்களை முன்னோர் என்கிறோம், மூதாதையர் என்கிறோம். பழந்தமிழில் அவர்களுக்கு இன்னொரு பெயர் உண்டு: தென்புலத்தார். புலம் என்றால் இடம். தெற்கே இருப்பவர்கள் என்பது நேர்ப்பொருள்.

திருக்குறளின் 43ஆம் குறளில் இந்தச் சொல் வருகிறது. இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரை வள்ளுவர் அங்கே அடுக்குகிறார். தென்புலத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், கடைசியில் தான். தெய்வத்துக்கும் முன்னால் முன்னோர்! தென்புலத்தார் என்பவர் பிதிரர், அவர்களுக்கு இடம் தென்திசை, அதனால் இந்தப் பெயர் என்கிறார் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர். இந்த ஐவருக்கும் ஐந்து பங்கு வேண்டும் என்பதால்தான் அரசனுக்கு வரி ஆறில் ஒன்றாயிற்று என்று கணக்கும் காட்டுகிறார். ஈட்டிய பொருளில் முன்னோருக்கும் ஒரு பங்கு என்று ஒரு சமூகம் எண்ணியிருக்கிறதே, எவ்வளவு பெரிய மனம்!

ஏன் தெற்கு? கடல்கொண்ட தென்னாட்டில் மாண்டவர்களின் நினைவு அது என்பாரும் உண்டு. கேட்கும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது. ஆனால் தெற்கு எமனின் திசை, முன்னோரின் திசை என்ற நம்பிக்கை வடமொழி நூல்களிலும் இருக்கிறது. அதனால் பரிமேலழகர் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்றும் தர்ப்பணம் செய்பவர் தெற்கு நோக்கித்தானே எள்ளும் நீரும் விடுகிறார்?

புறநானூற்றின் 9ஆம் பாட்டுக்கு வருவோம். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. போருக்கு முன்பே, பசுக்கள், பார்ப்பார், பெண்டிர், பிணியாளர், முன்னோர்க்குக் கடன் செய்யப் புதல்வரைப் பெறாதவர் எல்லோரும் பாதுகாப்பான இடம் சேருங்கள் என்று அறிவிக்கும் அறம் அதில் வருகிறது. அங்கே முன்னோருக்குப் புலவர் தரும் பெயர் ‘தென்புல வாழ்நர்’. மாண்டவர்களை வாழ்பவர்கள் என்கிறார் அவர். இந்தச் சொல்லின் மீது எனக்குள்ள தீராத அன்புக்கு இதுவே காரணம்.

தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயர் சொல்வது வழக்கம். பல வீடுகளில் பாட்டனுக்கு மேல் பெயர் தெரிவதில்லை. பூட்டியின் பெயரோ அதைவிட அரிது. சடங்கில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அந்தப் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.