பச்சை, சிவப்பு, சம்பளம்
(நோபல் பார்க் சந்திப்பில் பேசியது)

தோழர்களே, நான் வேலை செய்யிறது ஒரு முதியோர் இல்லத்தில. கை கழுவுதல், ஆளைத் தூக்கி இருத்துதல், தீப் பாதுகாப்பு எண்டு எங்கட திறமையெல்லாம் ஒரு இணையத் தளத்தில பதிவாகுது. பாடத்தை முடிச்சால் பச்சை, பிந்தினால் சிவப்பு. சிவப்பு எண்டால் எங்கட இடத்தில ஷிஃப்ட் குறையும். (தமிழ் மட்டும் விளங்குற மறதி நோய்க்கார அம்மாவைச் சாப்பிட வைக்கிற திறமைக்கு அதில இடமே இல்லை, அது வேற கதை.)

பாடம் படிக்கிறது இரவில, வீட்டில, போனில. அதுக்குச் சம்பளம் தாறேல்லை. முதலாளி கட்டாயமாக்கிய பயிற்சியும் வேலை நேரம்தான், காசு தரவேணும் எண்டு ஃபெயார் வொர்க் அலுவலகமே சொல்லுது. 6 வருட நிலுவை வரை கேட்கலாம். எத்தனை மணிக்குப் பாடத்தை முடிச்சம் எண்டது அந்தத் தளத்திலயே கிடக்கு. வேலையை விட்டால் உள்ளுக்குப் போக ஏலாது. இப்பவே படம் பிடிச்சு வையுங்கோ. அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாங்கோ, தொழிற்சங்கத்திட்ட ஒண்டாப் போவம்.