காயம் ஆறியும் ஆறாத வலி



தோட்டத்தில் உழைக்கும் கைகளில் அடிபடாத கை குறைவு. செம்பனை முள் குத்தும், கத்தி கிழிக்கும், வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு முறியும். காயம் ஆறியதும் நாம் அதை மறந்து வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால், சிலருக்குக் காயம் ஆறினாலும் வலி ஆறுவதில்லை. நாளுக்கு நாள் வளர்கிறது. அந்த வலியைப் பற்றியும், அதற்குத் துணை நிற்கும் பணிவழி மருத்துவத்தைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயாரை மனத்தில் எண்ணிக் கொள்வோம். அது தாழ்ந்த நிலம், தோட்டமெங்கும் வாய்க்கால்கள். மழை பெய்த ஒரு காலையில், பலகைப் பாலத்தில் கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டு முறிகிறது. மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர்.

ஆனால் கை எரிகிறது. வீங்கிப் பளபளக்கிறது. ஒரு நேரம் சிவந்து சுடுகிறது. ஒரு நேரம் நீலம் பூத்துச் சில்லிடுகிறது. மற்றக் கையைவிட அதிகமாக வியர்க்கிறது. விரல்கள் மடங்க மறுக்கின்றன. துணி பட்டாலும், காற்றாடியின் காற்றுப் பட்டாலும் உயிர் போகிறது. அந்த அம்மாள் கையைத் துண்டால் சுற்றி, மார்போடு அணைத்துக் கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து விடுகிறார்.

பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "எக்ஸ்ரே நன்றாகத்தானே இருக்கிறது!" என்பார் ஒருவர். "வேலைக்குப் போக மனமில்லை" என்பார் மற்றொருவர். வீட்டிலேயே முணுமுணுப்பு எழும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

நேயர்களே, இது பாசாங்கு அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களிடம் இத்தகைய எரிவைக் கண்டு, வெய்ர் மிட்சல் என்ற மருத்துவர் தம் தோழர்கள் இருவருடன் சேர்ந்து 1864இல் எழுதி வைத்தார். காய்ந்த துணி பட்டாலே தாங்க முடியாமல், ஈரத் துணியால் கையைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள் அந்த வீரர்கள். 1900இல் ஜெர்மனியின் சூடெக், இத்தகைய கையில் எலும்பும் மெலிவதைக் காட்டினார். 1994இல் வலி ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் இதற்குச் 'சிக்கலான வட்டார வலி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. மருத்துவமனைகளில் சி.ஆர்.பி.எஸ். என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் தாக்குகிறது. கையிலும் வரும், காலிலும் வரும்.

ஏன் வருகிறது? ஆலையில் தீப்பிடித்தால் சங்கு ஊதுகிறது. தீ அணைந்ததும் சங்கும் நிற்க வேண்டும். இங்கே தீ அணைந்த பிறகும் சங்கு நிற்காமல் ஊதுகிறது. நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் அபாயம் தீரவில்லை என்றே எண்ணிக் கொண்டிருக்கின்றன. வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்தால், மூட்டு இறுகுகிறது, தசை மெலிகிறது, மூளையும் அந்தக் கையைச் சரியாக உணர மறந்து போகிறது. வலி இன்னும் கூடுகிறது.

டாக்டர் தரும் மருந்தோடு கையை மெல்ல மெல்லப் பழக்கத்துக்குக் கொண்டு வருவதும் அவசியம். அதைச் செய்பவர் பணிவழி மருத்துவர். தெலுக் இந்தான், ஈப்போ போன்ற ஊர்களின் அரசாங்க மருத்துவமனைகளில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்ற பெயர்ப் பலகையைத் தேடிப் பாருங்கள். அதுதான் இவருடைய பிரிவு.

அவர் முதலில் கேட்பது, "இந்தக் கையால் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்பது. மகளுக்குத் தலை பின்னிவிட வேண்டும் என்று அந்தத் தாயார் சொன்னால், அதுவே சிகிச்சையின் இலக்கு.

முதல் படி, தொடுதலுக்குப் பழக்குவது. பஞ்சு, பிறகு மெல்லிய துணி, பிறகு துவாலை, பிறகு அரிசிப் பாத்திரத்துக்குள் கை என்று, பொறுக்கக்கூடிய அளவுக்கு ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். அடுத்து, கைக்குப் பாரம் கொடுப்பது. 1987இல் வாட்சன், கார்ல்சன் என்ற இருவர் எழுதிய முறை இது: தூரிகையை அழுத்திப் பிடித்துப் பலகையைத் தேய்ப்பது, சிறு சுமையைப் பையில் போட்டுத் தூக்கி நடப்பது. தொடக்கத்தில் சில நிமிடங்களே, ஆனால் நாள்தோறும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

இன்னொரு வழி கண்ணாடி. நோயுள்ள கையைக் கண்ணாடியின் பின்னால் மறைத்து, நல்ல கையைக் கண்ணாடி முன் அசைக்கச் சொல்வார்கள். நோயுள்ள கையே வலியின்றி அசைவது போல் மூளைக்குத் தோன்றும். இதை 1990களில் கை இழந்தவர்களின் வலிக்காக முதலில் கையாண்டவர், தமிழகத்தில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த விளையனூர் இராமச்சந்திரன் என்பது நமக்குப் பெருமை. 2003இல் இங்கிலாந்தில் இதே முறையை நாம் பேசும் இந்த வலிக்கும் சோதித்துப் பார்த்தார்கள். வலி கூடினாலோ குமட்டினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டார் செய்யக் கூடாதவையும் உண்டு. பலமாக உருவிவிடாதீர்கள், விரலை இழுத்து மடக்காதீர்கள். பனிக்கட்டி வைக்காதீர்கள். சூடு வைத்து ஒத்தடமும் வேண்டாம். உணர்வு மாறிய கை வெந்து போகலாம். வேலை அத்தனையையும் பிடுங்கிக் கொள்ளவும் வேண்டாம். கீரை ஆய்வதும் அரிசி களைவதும் அந்தக் கைக்கு மருந்தே. கொஞ்சம் செய்யட்டும், ஓய்வெடுக்கட்டும், மீண்டும் செய்யட்டும். நலமாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்து, மறுநாள் படுத்துவிடுவதுதான் தவறு.

இன்னொன்று: வேலையில் அடிபட்டால், சிறு காயமானாலும் அன்றே சொல்லிப் பதிய வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகிச்சைக்கும், வேலை செய்ய இயலாத நாட்களுக்கும் உதவித் தொகை உண்டு. 2007 முதல் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் அங்கே நடைபெறுகிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை விபத்துப் பாதுகாப்பைப் பெறுகிறார்கள். பதியாத விபத்தைப் பின்னால் மெய்ப்பிப்பது கடினம்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் எரிவும் வீக்கமும் நிற மாற்றமும் இருந்தால், சில மாதம் பார்க்கலாம் என்று காத்திராதீர்கள். முன்கூட்டியே தொடங்கினால் பலருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. சிலருக்கு வலி முழுவதும் போகாது. அவர்களும் வலியோடு வாழ்க்கையை நடத்தக் கற்றுக் கொள்ளலாம்.

அந்தத் தாயார் மகளின் தலையை மறுபடியும் பின்ன வேண்டுமானால், மருத்துவர் மட்டும் போதாது. "உனக்கு வலிக்கிறது, எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லும் வீடும் வேண்டும். அதை இன்றே சொல்வோம்.