விலையும் பொறுமையும்



லக்கலப் பகுதியில் மிளகு நடும் நாம் ஒவ்வொருவரும் முதலிடுவோரே. விலையின் ஏற்ற இறக்கத்தை விளங்கிக்கொள்ள மாத்தளை வரலாறே நமக்குத் துணை.

1840ஆம் ஆண்டுகளில் கோப்பி விலை உயர்ந்தது கண்டு, அரசாங்க உத்தியோகத்தர் முதலாய்ப் பலர் காணி வாங்கிக் கோப்பி நட்டனர், கடன்பட்டோரும் உளர். கோப்பி காய்க்க மூன்று ஆண்டளவு செல்லும். 1847இல் பிரித்தானியாவில் வர்த்தக நெருக்கடி உண்டாயிற்று. கோப்பி விலை சரிந்தது. தோட்டங்கள் அற்ப விலைக்குப் போயின, சில கைவிடப்பட்டன. அரசாங்க வருவாயும் குன்றவே, 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி வந்தது. மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

மிளகுக்கொடியும் பலன்தர ஏறத்தாழ மூன்று ஆண்டு செல்லும். இன்றைய விலையைக் கண்டு நடுகின்றோம். காய்க்கும் நாளின் விலைக்கே விற்கின்றோம். அயலாரும் அவ்விலையைக் கண்டே நட்டிருந்தால், எல்லார் விளைச்சலும் ஒருங்கே சந்தைக்கு வரும்.

நன்கு உலர்ந்த மிளகு நெடுநாள் கெடாது. கடனற்றவன் நல்ல விலை வரும்வரை பொறுத்திருப்பான். கடன்பட்டவனோ தவணை நாளில் கிடைத்த விலைக்கே கொடுப்பான். ஆகவே, நகையை அடகுவைத்து நடாதிருப்போம். கைமுதல் முழுவதையும் ஒரே பயிரில் போடாதிருப்போம். இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.