பெயர் கிப்சன், பிறப்பு ஜப்பான்



சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால், இலங்கையில் பலரும் சொல்லும் பெயர் கிளேரன்ஸ் விஜேவர்தன. 1943இல் பிறந்த அவர் நம்ம ஊவா மண்ணுக்காரர். பிறந்த ஊர் ஹப்புத்தளை. 1960களின் நடுவில் அனஸ்லி மாலேவனவோடு சேர்ந்து அவர் தொடங்கிய 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை இலங்கை வானொலியில் அறிமுகப்படுத்தி வளர்த்துவிட்டவர் விஜய கொரயா. கலிப்சோ குழுக்களின் ஸ்பானிய கிட்டாருக்குப் பழகியிருந்த காதுகளுக்கு அந்த மின்னொலி புதுசு. பின்னாலேயே தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடல்களோடு வந்தார்கள். தப்பும் உருமியும் முழங்கிய தோட்டத்துத் திருவிழாக்களில், இரவு மேடைக்கு மின்கிட்டாரும் ஏறியது.

அந்தக் காலத்துக் கிட்டார் ஒன்று பதுளையிலோ பண்டாரவளையிலோ, பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலோ அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கலாம். தலைப்பகுதியில் 'கிப்சன்' என்றோ 'ஃபெண்டர்' என்றோ அமெரிக்கக் கம்பனியின் பெயர் எழுதியிருந்தால் வீட்டுக்காரர் இலட்சக் கணக்கில் கனவு காண்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஜப்பானில் பிறந்ததாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதற்காக மனம் உடையவும் தேவையில்லை.

1960களில் 'வென்ச்சர்ஸ்' என்ற அமெரிக்கக் குழு ஜப்பானுக்குப் போய் வாசித்தது. 1965ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பிறகு அங்கே இளைஞர்களுக்கு மின்கிட்டார்ப் பைத்தியமே பிடித்துவிட்டது. தொழிற்சாலைகள் முளைத்தன. ஒரு டொலருக்கு 360 யென் என்று 1971 வரை நிலையாக இருந்த மாற்று வீதத்தில் ஜப்பான் சாமான் வெளிநாட்டில் மலிவாகப் போனது. முதலில் டெய்ஸ்கோ போன்ற கம்பனிகள் பொத்தான்களும் விசைகளும் நிறைந்த சொந்த வடிவங்களைச் செய்தன. 1960களின் இறுதியில் வேறு வழி பிறந்தது: கிப்சனின் லெஸ் போல், ஃபெண்டரின் ஸ்ட்ராட்டகாஸ்டர் ஆகிய மாடல்களை அப்படியே நகல் எடுப்பது.

இந்த நகல்களில் பெரும் பங்கு நகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரத்தில் பிறந்தவை. அங்கிருந்த மட்சுமோக்கு தொழிற்சாலை தொடக்கத்தில் செய்தது கிட்டார் அல்ல, சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி! இலங்கையில் சிங்கரை அறியாத வீடு ஏது? பெட்டி செய்து பழகிய அதே கைகள் பிறகு ஏரியா, யூனிவொக்ஸ் என்ற பெயர்களில் கிட்டார் செய்தன. இன்னும் ஒரு வேடிக்கை: கிப்சன் கம்பனிக்குச் சொந்தமான எபிஃபோன் கிட்டார்களும் 1970களில் அதே தொழிற்சாலையிலிருந்துதான் வந்தன. அசலின் தங்கையும் அசலின் நகலும் ஒரே கூரையின் கீழ் பிறந்தார்கள்.

அதே ஊரில் இருந்த ஃபுஜிஜென் தொழிற்சாலை ஐபனெஸ், கிரெக்கோ என்ற பெயர்களில் கிட்டார் செய்து கொடுத்தது. டொக்காய் கம்பனி மட்டும் ஹமமட்சுவில், யமஹாவின் ஊரில்.

சேகரிப்பவர்கள் இந்த நகல்களை 'வழக்குக் கிட்டார்' என்று சொல்லி விலையை ஏற்றிவிடுகிறார்கள். அந்த வழக்கு உண்மை. 1977 ஜூனில் கிப்சனின் உரிமையாளரான நோர்லின் கம்பனி, ஐபனெஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது பிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சண்டை தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது. 1978இன் தொடக்கத்தில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. வழக்கு ஐபனெஸை விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் மட்டும்தான். அது போடப்படும் முன்பே ஐபனெஸ் தன் தலை வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. ஆகவே கண்ட கிட்டாருக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டிக் காசு கேட்பது வியாபாரத் தந்திரம் என்றே சொல்லலாம்.

அப்படியானால் எதை வைத்து இனங்காண்பது? ரீகண்டிஷன் வாகனம் வாங்குகிறவர் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் சஸி இலக்கத்தைத் தேடுவாரே, அதே புத்திதான் இங்கும் வேண்டும். தலையில் உள்ள பெயரை எவரும் ஒட்டிக்கொள்ளலாம். கிட்டாரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் உலோகத் தகடு வைத்து நான்கு திருகாணி போட்டிருந்தால், அது ஃபெண்டர் வகைக்கு இயல்பு. ஆனால் லெஸ் போல் வடிவக் கிட்டாரில் அப்படி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அசலில் கழுத்து பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். 1970களின் முற்பகுதி நகல்கள் பலவற்றில் திருகாணிதான். பழைய மலிவு ரகங்களில் அந்தத் தகட்டிலேயே 'ஜப்பான்' என்று பொறித்திருப்பதும் உண்டு.

அடுத்தது உடல். கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப்பைக் கழற்றி, அது உட்கார்ந்திருக்கும் குழியின் ஓரத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். மலிவு ரகமென்றால் ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகத் தெரியும். நல்ல ரகமென்றால் முழு மரம். கழற்றிய பிக்கப்பின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே மேக்ஸன் என்ற பெயர் இருந்தால் ஜப்பான் பிறப்பாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. 1970களின் பிற்பகுதி ஐபனெஸில் தொடர் இலக்கமே ஜாதகம்: முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ஆங்கில அகரவரிசையில் 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். 'எஃப் 77' என்று தொடங்கினால் 1977 ஜூன். கிரெக்கோவிலும் இதே மாதிரி எழுத்தும் இலக்கமும் வரும்.

மாடல் எண்ணிலும் விசயம் இருக்கிறது. கிரெக்கோ 'ஈஜி 500' என்றால் அன்றைய விலை 50,000 யென். டொக்காய் 'எல்எஸ் 80' என்றால் 80,000 யென். எண் கூடக்கூட மரமும் வேலைப்பாடும் கூடும். எல்லா ஜப்பான் நகலும் ஒரே தரம் என்று நினைப்பவர் ஏமாறுவது இங்கேதான். 1970களின் இறுதிக்குள் டொக்காய், கிரெக்கோவின் மேல்தட்டுக் கிட்டார்கள் அமெரிக்க அசலுக்கே சவாலாக நின்றன. ஃபெண்டர் கம்பனி கடைசியில் போட்டியை விட்டு ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்தது: 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியது, செய்து கொடுத்தது ஃபுஜிஜென். தொடர் இலக்கம் 'ஜேவி' என்று தொடங்கும் அந்த முதல் வரிசைக் கிட்டார்களை இன்று தேடி வாங்குகிறார்கள். 1985க்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியது. மலிவு வேலை கொரியாவுக்குப் போனது. மட்சுமோக்கு 1987இல் மூடப்பட்டது.

வீட்டில் அப்படியொன்று கிடைத்தால் முதலில் செய்யக் கூடாதது புதுப் பெயின்ட் அடிப்பது. பழைய பூச்சு வெடித்திருந்தாலும் அதுவே அதன் வயதுக்குச் சாட்சி. பழுதான பிக்கப்பையோ குமிழையோ மாற்றினால், கழற்றியதை எறியாமல் ஒரு பையில் போட்டு கிட்டாரோடு வைத்துவிடுங்கள்.

கழுத்து விசயத்தில் நமது காலநிலையையும் நினைக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே காய்ந்த கச்சான் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சும். நவம்பர், டிசம்பர் மழையில் அதே மரம் ஊறும். கழுத்து வளைந்து கம்பிகள் உயர்ந்து நிற்பதற்கு இது போதும். அதை நேராக்கக் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருக, ஜப்பான் கிட்டாருக்கு மில்லிமீட்டர் அளவுச் சாவி தேவை. அங்குலச் சாவியை வைத்து அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிப்போகும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். ஒரு நாள் விட்டு, சுருதி கூட்டி, மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.