இளைப்பாறிய பின்பும் தொடரும் பணி



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பின் நேயர்களே!

எமது நாட்டில் அரச ஊழியர் ஒருவர் பொதுவாக 60 வயதில் ஓய்வு பெறுகிறார். பிரியாவிடை வைபவம் நடைபெறுகிறது, பொன்னாடை போர்த்துகிறார்கள், வாழ்த்துரைகள் நிகழ்த்துகிறார்கள். மறுநாள் ஸுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டு வீடு திரும்புகின்ற அந்த மனிதருக்குப் போவதற்குக் கந்தோர் இல்லை. முப்பது, முப்பத்தைந்து வருடங்கள் 'சேர்' என்று அழைக்கப்பட்டவரைத் தேடி எவரும் வருவதில்லை. கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்ட வியாபாரிக்கும், பிள்ளைகளை எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியே இருக்கும் உம்மாவுக்கும் இதே நிலைதான். கணவரை இழந்து, நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து எழுகின்ற பெண்ணின் நிலை இன்னும் கடினமானது. இவர்கள் எல்லோருடைய உள்ளத்திலும் ஒரே கேள்விதான் எழுகிறது: "இனி நான் எதற்கு?"

ஓய்வு பெறுவதை 'இளைப்பாறுதல்' என்று நாம் அழகாகச் சொல்கிறோம். யார் இளைப்பாறுகிறார்? வழி நடந்து களைத்தவர், மீதி வழியையும் நடப்பதற்காக இளைப்பாறுகிறார். நபி (ஸல்) அவர்களும் இவ்வுலகில் தமது நிலையை, ஒரு மர நிழலில் சற்றுத் தங்கிவிட்டு மீண்டும் புறப்படுகின்ற பயணிக்கு ஒப்பிட்டார்கள். அந்த நிழலையே ஊர் என்று எண்ணி அங்கேயே அமர்ந்துவிட்டவர் பயணத்தை மறந்தவராவார்.

அல்குர்ஆனின் 94ஆவது ஸூரா சிறியது. எங்கள் சிறுவர்கள் கூட அதனை மனனமிட்டிருக்கிறார்கள். கஷ்டத்துடன் இலகுவும் இருக்கிறது என்பதை அது இரு தடவைகள் நினைவூட்டுகிறது. அதன் இறுதியிலோ, ஒரு வேலை முடிந்து ஓய்வு கிடைத்தால் அடுத்த முயற்சிக்கு எழுந்து நிற்குமாறும், நாட்டத்தை இறைவன் பக்கம் திருப்புமாறும் அல்லாஹ் நபியவர்களுக்குக் கட்டளையிடுகிறான். முஃமினுடைய வாழ்வில் ஒரு பணியின் முடிவு இன்னொரு பணியின் ஆரம்பமாகும். ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரு அருட்கொடைகளில் மனிதரில் பெரும்பாலானோர் நட்டமடைகின்றனர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஓய்வூதியம் பெறும் சகோதரரே, அவ்விரண்டில் ஒன்று இப்போது உங்கள் கையில் நிறையவே இருக்கிறது.

அன்பின் சகோதர சகோதரிகளே!

இழப்பின் வேதனையை இஸ்லாம் மறுக்கவில்லை. யஃகூப் (அலை) அவர்கள் தமது மகன் யூஸுப் (அலை) அவர்களை இழந்து, அழுது அழுது கண்பார்வையையே இழந்தார்கள். முதுமையில் இன்னுமொரு மகனும் பிரிந்தபோது அந்தப் புண் மீண்டும் திறந்துகொண்டது. அந்த நிலையிலும் அவர்கள் என்ன செய்தார்கள்? எஞ்சியிருந்த பிள்ளைகளை அழைத்து, சகோதரர்களைத் தேடிச் செல்லுமாறும் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாமென்றும் பணித்தார்கள். கண்ணீர் ஓயாதிருந்த காலத்திலும் தந்தை என்ற பொறுப்பை அவர்கள் கைவிடவில்லை. துயரம் தீரட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இதில் படிப்பினை உண்டு.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களைப் பாருங்கள். ஹிஜ்ரி 11இல் நபியவர்கள் மறைந்தார்கள். அன்னைக்குப் பிள்ளைகள் இல்லை. அதன் பின்னர் ஹிஜ்ரி 58 வரை சுமார் 47 ஆண்டுகள் விதவையாக வாழ்ந்த அவர்கள், தமது அறையை ஒரு கல்விக்கூடமாக ஆக்கினார்கள். மூத்த ஸஹாபாக்களும் சந்தேகம் தீர்க்க அங்கு வந்தார்கள். சகோதரியின் மகன் உர்வா போன்றோர் அங்கேதான் அறிவு பெற்றார்கள். அன்னை வழியாக இந்த உம்மத்துக்குக் கிடைத்த ஹதீஸ்கள் 2210 என அறிஞர்கள் கணக்கிட்டுள்ளார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை மக்கள் அவர்களிடமிருந்து கேட்டறிந்தது அந்த நீண்ட விதவைக் காலத்தில்தான்.

எமது கிழக்குக் கரையோரமும் இதற்குச் சாட்சி சொல்லும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி பிள்ளைகளைக் கொண்டுபோன பின், பேரப்பிள்ளைகளுக்காக மீண்டும் அடுப்பு மூட்டிய மூத்தம்மாமார் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை.

"எனக்குப் பெரிய படிப்பில்லையே, நான் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணி காலமானபோது, அதனைப் பெரிய விடயமாகக் கருதாமல் தோழர்கள் நபியவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று நபியவர்களே விசாரித்தார்கள். கப்ரைக் காட்டச் சொல்லி அங்கு சென்று அவருக்காகத் தொழுதார்கள். ஊர் சிறிதாகக் கருதிய வேலை அல்லாஹ்வின் தூதரிடத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அன்புக்குரிய இளைஞர்களே! இப்போது உங்களோடு பேசுகிறேன்.

"நீங்கள் உழைத்தது போதும் வாப்பா, சும்மா இருங்கள்" என்று பாசத்தோடுதான் சொல்கிறீர்கள். கடைக் கணக்கைப் பார்க்க வேண்டாம், சந்தைக்குப் போக வேண்டாம், திருமணப் பேச்சில் தலையிட வேண்டாம் என்று ஒவ்வொரு பொறுப்பாக அவர் கையிலிருந்து வாங்கிவிடுகிறீர்கள். கடைசியில் அவரிடம் மிஞ்சுவது ஒரு சாய்மனைக் கதிரையும் மருந்துப் பெட்டியும் மட்டுமே. நல்ல உணவும் நல்ல மருந்தும் கொடுக்கப்பட்ட எத்தனையோ பெற்றோர், தாம் எவருக்கும் தேவைப்படவில்லை என்ற கவலையினால் வாடுகிறார்கள்.

பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என்று எமது நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரவும் அதில் வழியுண்டு. ஆனால் எந்தச் சட்டமும் "வாப்பா, இந்த விடயத்தில் உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று ஒரு மகனைக் கேட்க வைக்க முடியாது. அதனை ஈமான்தான் செய்ய வேண்டும். இன்றிரவே கேளுங்கள். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் பொறுப்பை உம்மாவிடம் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்பியதைச் சொல்ல மட்டும் தொலைபேசி எடுக்காதீர்கள். ஆலோசனை கேட்கவும் எடுங்கள்.

மூத்தவர்களே! உங்களுக்கும் சில யோசனைகள்.

முதலில் உங்கள் நாளுக்கு ஒரு நேரசூசியை எழுதுங்கள். ஐவேளைத் தொழுகை ஏற்கனவே அதன் தூண்களாக நிற்கிறது. குர்ஆன் சரளமாக ஓத வராதவர்கள் வெட்கப்படாமல் பேரப்பிள்ளையோடு அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டென்று நபியவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். ஆசிரியராக இருந்தவர் பாடத்தில் பின்தங்கிய மாணவர் நால்வருக்கு மாலையில் இலவசமாகக் கற்பிக்கலாம். கணக்குத் தெரிந்தவர் பள்ளிவாசல் நிருவாகத்துக்கு உதவலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபைகளில், ஓய்வு பெற்ற அதிபர்களும் உத்தியோகத்தர்களும் சம்பளமின்றி அமர்ந்து அயலவர் பிணக்குகளைத் தீர்த்துவைக்கிறார்கள். மனிதர்களிடையே சமாதானம் ஏற்படுத்துவது மார்க்கம் மிகவும் சிறப்பித்த வேலையாகும். அத்துடன், கடன்களையும் அமானிதங்களையும் எழுதி வையுங்கள், வஸிய்யத்தைத் தெளிவாக்குங்கள். பிள்ளைகளுக்கிடையே நாளை எழக்கூடிய சண்டையை இன்றே தடுப்பதும் ஒரு பணிதான்.

படுக்கையில் இருப்பவர் மனமுடைய வேண்டாம். ஓர் அடியான் நோயுற்றால், ஆரோக்கியமாக இருந்த காலத்தில் அவன் செய்துவந்த அமல்களின் கூலி அப்படியே எழுதப்படுகிறது என்பது நபிமொழி. இளைஞர்களே, இதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இன்று நீங்கள் வழக்கமாக்கிக் கொள்ளும் அமல்கள்தான் நாளை கைகால் ஓய்ந்த பின்னும் உங்கள் ஏட்டில் எழுதப்படும்.

உலகமே முடியப்போகும் வேளையிலும் கையில் ஒரு கன்று இருந்தால், முடியுமானால் அதனை நட்டுவிடுமாறு சொல்லித் தந்த மார்க்கம் எங்களுடையது. நட்டவர் அதன் கனியை உண்பாரா என்பது அங்கே கேள்வியே இல்லை.

வல்ல அல்லாஹ் எமது முதியோரின் எஞ்சிய வாழ்நாளில் பரக்கத் செய்வானாக! இழந்தவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பானாக! பெற்றோரின் பெறுமதியை அவர்கள் உயிரோடிருக்கும்போதே உணர்கின்ற பிள்ளைகளாக எம்மை ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.